அண்ணாச்சிக்கு டிசைன் காட்டிய விதம்

பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்காகச் செய்த வெப்சைட் டிசைனை ஒரே நீளப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பாய் நல்லாத்தான் இருக்கு தம்பி. விலை எங்கடே போட்டிருக்கு? ஒண்ணும் தெரியலியே" என்றார். கம்ப்யூட்டர் திரைக்காக 1440 பிக்சல் அகலத்தில் வரைந்த பக்கம், வாட்ஸ்அப்பும் சுருக்கியபின் போன் திரையில் எப்படித் தெரியும்?

360 பிக்சல் மொபைல் வடிவத்தையே முதலில் காட்டுவது என்று மாற்றினேன். முகப்பு, பாய் வகைகள், ஆர்டர் பக்கம் எனத் தனித்தனியாக வெட்டி, பிஎன்ஜி கோப்பாக 'டாக்குமெண்ட்' வழியே அனுப்பினேன். அப்படி அனுப்பினால் தரம் குறையாது. கோரை இழைகூடத் துலக்கமாகத் தெரிந்தது.

மெனு திறப்பதைப் படத்தில் காட்ட முடியாது. அதற்குச் சின்ன ஸ்கிரீன் ரெக்கார்டிங் போதும். அதைவிட நல்லது, ஃபிக்மா என்ற டிசைன் செயலியில் செய்த புரோட்டோடைப்பை, அதாவது தொட்டால் இயங்கும் மாதிரியைத் திறந்து போனை அவர் கையிலேயே கொடுப்பது. பாளையங்கோட்டைக் கடையில் அப்படிக் கொடுத்தேன். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனவர், "இந்த ஆர்டர் பட்டனைக் கொஞ்சம் பெருசாக்கு" என்றார். சரியான யோசனை, உடனே மாற்றினேன்.

லேப்டாப் படத்துக்குள் டிசைனைச் சாய்த்து வைக்கும் மாக்கப் எனக்கும் பிடிக்கும். ஆனால் சாய்த்தால் எழுத்தை வாசிக்க முடியாது. அதனால் என் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவின் முதல் படத்துக்கு மட்டும்தான் வைக்கிறேன். உள்ளே பழைய பக்கமும் புதிய பக்கமும் ஒரே அகலத்தில், அருகருகே.