திரும்பி இறங்கும் இடத்தை முதலில் எண்ணுங்கள்

‘ஆக்சிஸ் அண்ட் அலைஸ்’ என்ற போர்ப் பலகை விளையாட்டின் 1942 இரண்டாம் பதிப்பைப் புதிதாக ஆடுபவர்கள் காலாட்படையையும் டாங்கியையும் எளிதாக நகர்த்திவிடுவார்கள். கப்பலும் விமானமும் வரும்போதுதான் விதிநூலைப் புரட்டத் தொடங்குவார்கள். ஒருவர் ஆடும் ஒரே முறைக்குள் (turn) நகர்வு இரண்டு தடவை வருகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சண்டைக்கு முன் நிகழ்வது தாக்குதல் நகர்வு; சண்டை முடிந்தபின் நிகழ்வது தாக்குதல் அல்லாத நகர்வு. முன்னதில் நகர்ந்த கப்பல் பின்னதில் நகராது. விமானம் மட்டும் மிச்சமிருக்கும் தொலைவைப் பின்னதில் பறந்து தரையிறங்கலாம்.

எல்லாக் கப்பல்களும் அதிகபட்சம் 2 கடல் மண்டலங்கள் நகரும். எதிரியின் மேற்பரப்புப் போர்க்கப்பல் நிற்கும் மண்டலத்துக்குள் நுழைந்தால் அங்கேயே நின்று சண்டையிட வேண்டும். ஆனால் எதிரியின் நீர்மூழ்கியோ துருப்புக் கப்பலோ மட்டும் நின்றால் அது வழியை அடைக்காது. உங்கள் நீர்மூழ்கி பெரிய போர்க்கப்பலைக்கூடக் கடந்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது நாசகாரிக் கப்பல் (destroyer) மட்டுமே. சூயஸ் கால்வாயைக் கடக்க, அதன் இருபுறமும் உள்ள நிலப்பகுதிகள் உங்கள் முறை தொடங்கும்போதே உங்கள் தரப்பின் வசம் இருக்க வேண்டும். இதே முறையில் பிடித்துவிட்டு உடனே கடக்க இயலாது. துருப்புக் கப்பல் வழியில் படையை ஏற்றலாம், ஆனால் இறக்கியபின் அந்த முறையில் நகராது.

விமானங்களுக்கு எதிரிப் படை தடையில்லை, எண்ணிக்கைதான் தடை. சண்டை விமானத்துக்கு 4 இடம், குண்டுவீச்சு விமானத்துக்கு 6 இடம்; ஒரு நிலப்பகுதியோ ஒரு கடல் மண்டலமோ ஓர் இடம். போவதும் வருவதும் இதற்குள் அடங்க வேண்டும். தீவிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு அதைச் சூழ்ந்த கடல் மண்டலமே முதல் இடமாகக் கணக்காகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த முறையில் புதிதாகக் கைப்பற்றிய நிலத்தில் எந்த விமானமும் இறங்கக் கூடாது.

விமானம் தாங்கிக் கப்பல் 2 சண்டை விமானங்களை ஏற்கும். குண்டுவீச்சு விமானத்தை ஏற்காது. தாங்கிக் கப்பலில் உள்ள சண்டை விமானம் 3 மண்டலம் தள்ளியிருக்கும் எதிரியைத் தாக்குவதாகக் கொள்வோம். போவதற்கு 3 செலவாகிவிட்டதால் மிச்சம் 1. தாங்கிக் கப்பலைத் தாக்குதல் நகர்வில் அசைக்காமல் வைத்திருந்து, சண்டைக்குப் பின் 2 மண்டலம் முன்னேற்றினால், அது போர்க்களத்துக்கு அடுத்த மண்டலத்தில் வந்து நிற்கும். விமானம் ஓர் இடம் பின்வாங்கி அதில் இறங்கும். நான் ஒருமுறை தாங்கிக் கப்பலையும் வேறொரு சண்டைக்கு அனுப்பி மூழ்கடித்துவிட்டு, இறங்க இடமில்லாத இரண்டு விமானங்களையும் பெட்டிக்குள் போட்டேன். கப்பலின் விலை 14, விமானங்களின் விலை 20 என ஒரே அசட்டையில் விளையாட்டுப் பணம் 34 போனது.

விமானத்தை அனுப்பும்போதே அது இறங்கச் சாத்தியமான ஓரிடத்தைக் காட்டியாக வேண்டும். பகடை முழுவதும் உங்கள் பக்கம் விழும் என்று கொண்டு காட்டினாலும் போதும். இடமே இல்லாத தாக்குதலை விதி அனுமதிப்பதில்லை. வாங்கிய புதிய தாங்கிக் கப்பலை முறையின் இறுதியில் இறக்கவிருக்கும் மண்டலத்தையும் அப்படிக் காட்டலாம் என்பதால், விமானத்தின் தொலைவை எண்ணும்போது கொள்முதல் பட்டியலையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.