போகிற வழியில் ஒரு கையெழுத்து: ஊரில் பிள்ளைகளை அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்வோருக்கு

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அறிவியல் மையத்துக்கு அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், அந்த ஒரு நாளில் வேறு எந்த வேலைக்கும் தலையாட்ட வேண்டாம். ‘போகிற வழிதானே, ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடலாம்’ என்று உடன்பிறந்த அண்ணனே சொன்னாலும் வேண்டாம்.

டொரண்டோவில் வளரும் என் மகளுக்குத் தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம் புதிதல்ல. 1969இல் திறக்கப்பட்ட ஒன்டாரியோ அறிவியல் மையம், கூரைப் பலகைகள் பாதுகாப்பாக இல்லை என்ற காரணத்தால் 2024 ஜூனில் மூடப்பட்டபோது, ‘எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது’ என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987இல் தொடங்கப்பட்ட மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையில் போனவன் நான். எதைக் கண்டாலும் தொடாதே என்று கேட்டே வளர்ந்த எனக்கு, தொட்டுப் பார் என்று எழுதி வைத்திருந்த முதல் இடம் அது.

சென்னையோடு திரும்புபவர்கள் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்துக்குள் 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனி வேளைகளில் நடப்பதால், பிள்ளைக்கு எந்த மொழி என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் வைத்து அத்தைமார் முன்னிலையில் முடிவு செய்தால் அது வேறு விதமான காட்சியாகிவிடும். கோவையில் 2013இல் திறக்கப்பட்ட மண்டல அறிவியல் மையம் இருக்கிறது.

எங்கே போனாலும் காலையிலேயே போய்விட வேண்டும். இத்தகைய மையங்களில் பாதிச் சுவை வெளியே உள்ள அறிவியல் பூங்காவில்தான் இருக்கிறது. உச்சி வெயிலில் இரும்புச் சாமான்களில் கை வைக்க முடியாது. வெயில் ஏறுமுன் பூங்காவையும், பிறகு உள்ளே உள்ள கூடங்களையும் பார்ப்பதே முறை. நான் போட்ட திட்டமும் அதுவே.

அன்று காலை பத்து மணிக்கு நாங்கள் இருந்த இடம் ஒரு சார்பதிவாளர் அலுவலகம். அப்பா காலமான பின் பூர்வீக வீட்டில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நான் கையொப்பமிட வேண்டும்; அரை மணி நேரம் என்றார் அண்ணன். டோக்கன் எங்களுடையது வந்தபோது சர்வர் வேலை செய்யவில்லை. சர்வர் வந்தபோது என் பெயர் தகராறாயிற்று. பழைய பத்திரங்களில் நான் ஒரு முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே; கடவுச்சீட்டிலோ அப்பாவின் பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான் பிறந்த வீட்டுக்குரிய தாளில் நான் நான்தானா என்று கேட்கப்பட்டது எரிச்சலாக இருந்தது. கேள்வி அவ்வளவு தவறானதில்லை என்று தோன்றியது அதைவிட எரிச்சலாக இருந்தது. பத்திர எழுத்தர் பள்ளிச் சான்றிதழைக் கேட்க, அதைத் தேட ஆள் வீட்டுக்குப் போக, சாட்சிகளில் ஒருவர் சாப்பிடப் போக, மகள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, கிடைத்த முத்திரைத்தாள் உறை ஒன்றை விசிறியாக மடித்துக்கொண்டிருந்தாள். புகைப்படமும் கைரேகையும் முடிந்து வெளியே வந்தபோது மணி மூன்றரை.

உங்களுக்கும் இப்படியொரு கையெழுத்து காத்திருந்தால், கிளம்புவதற்கு முன்பே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை நம்பகமான ஒருவர் பெயருக்கு அனுப்பிவிடுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைக் கட்டியாக வேண்டும். நேரில்தான் போடுவேன் என்பவர்கள் அசல் கடவுச்சீட்டோடு, பெயர் மாறிய கதையைச் சொல்லும் பழைய சான்றிதழ்களையும் எடுத்துச் செல்லுங்கள். நான் ஏன் முன்பே அனுப்பவில்லை என்றால், நேரில் வந்து போட்டால்தான் அண்ணனுக்கு மனக்குறை இருக்காது என்று எண்ணினேன். அவரோ, என்னை வரவழைத்ததற்காக வழியெல்லாம் வருந்திக்கொண்டு வந்தார்.

கொக்கிரகுளத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மிஞ்சிய நேரத்தில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி உங்களுக்கும் வரக்கூடும் என்பதால் சொல்கிறேன்: விளக்கப் பலகைகளை விட்டுவிட்டு, உடம்பால் உணர வேண்டியவற்றுக்குப் போங்கள். இவ்வகை மையங்களில் சுழலும் இருக்கை இருந்தால், கைகளை விரித்தபடி பிள்ளையைச் சுழல விட்டு, பிறகு கைகளை மார்போடு சேர்க்கச் சொல்லுங்கள். வேகம் தானாகக் கூடும். கோண உந்தம், அதாவது வேகமும் எடை விரிந்திருக்கும் தொலைவும் சேர்ந்த சுழற்சியின் அளவு, மாறாது என்ற பாடத்தைத் தலைசுற்றல் வழியே படித்தவர்கள் மறப்பதில்லை. நேர்ச் சரிவிலும் வளைந்த சரிவிலும் இரண்டு குண்டுகளை ஒரே சமயத்தில் உருட்டிவிடும் அமைப்பும் கிடைத்தால் நின்று பாருங்கள். பாதை நீளமானதாயினும் வளைவில் போவதே முந்தும். தொடக்கத்திலேயே செங்குத்தாக இறங்கி வேகம் பிடித்துவிடுவதே காரணம். 1696இல் யோகான் பெர்னூலி அறிஞர்களுக்கு விடுத்த புதிர் இது. ‘போகிற வழிதானே’ என்பவர்களுக்கு இதைக் காட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் நான் பரிந்துரைப்பது, எதிரெதிரே தொலைவில் நிற்கும் இரண்டு குழிக் கிண்ணங்களை. கிண்ணத்துக்கு முன்னே, ஒலி ஒன்றுகூடும் புள்ளியான குவியத்தில் வாயை வைத்து முணுமுணுத்தால், ஒலி அந்தக் கிண்ணத்தில் பட்டுத் திரும்பி இணையாகச் சென்று எதிர்க் கிண்ணத்தில் பட்டு அதன் குவியத்தில் கூடும். நடுவில் நிற்பவருக்கு அது கேட்காது. வாயும் காதும் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிக்காமல், கிண்ணத்தின் ஓரத்தில் நின்று கத்திவிட்டுப் போகிறார்கள்.

ஒரு கிண்ணத்தில் மகளை நிறுத்தினேன். பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற அண்ணனை வற்புறுத்தி மற்றதில் நிறுத்தினேன். அவர் தயங்கித் தயங்கி எதையோ சொன்னார். நடுவில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. மகள் ஓடி வந்து, “அப்பா, பட்டாசல் என்றால் என்ன? அங்கே எனக்கு எப்போதும் ஒரு பாய் இருக்கும் என்று பெரியப்பா சொல்கிறார்” என்றாள். வீட்டின் கூடம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காவலாளி விசில் ஊதினார்.

சுழலும் இருக்கையை நாங்கள் பார்க்கவில்லை.