செம்பனை நிழலில் வெள்ளைக்கொக்கு: கறுப்பு வெள்ளையில் படம் அமைக்கும் முறை

வெண்மார்பு மீன்கொத்தியின் சிவப்பு அலகு பச்சை மட்டைக்கு முன்னால் கண்ணைப் பறிக்கும். நிறத்தை எடுத்துவிட்டால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, அலகு இலைக்குள் காணாமல் போய்விடும். கறுப்பு வெள்ளையில் உருவத்தைப் பிரித்துக் காட்டும் வேலை முழுதும் வெளிச்சத்தின் தலையில்தான் விழுகிறது. படமெடுக்கும் முன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மங்கலிலும் பறவை தனியாகத் தெரிந்தால் எடுக்கலாம்.

கேமராவின் திரையை மோனோகுரோமுக்கு மாற்றி, கோப்பை ராவில் (RAW, சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு வகை) பதியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், கோப்பில் நிறம் முழுதும் இருக்கும். மோனோகுரோம் ஜேபெக்காக மட்டும் எடுத்தால் நிறம் போனது போனதுதான்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கைபழக ஏற்றது உண்ணிக்கொக்கு. மாடு மேயும்போது காலடியில் கிளம்பும் பூச்சிக்காகக் கூடவே நடக்கும். இங்கே பொழுது விடிவதே 7 மணிக்கு மேல். 7.30 முதல் 9 வரை சாய்ந்த வெயில் கொக்கின்மேல் படவேண்டும், அதன் பின்னால் செம்பனை வரிசையின் நிழல் இருக்கவேண்டும். அப்படி இடம் பார்த்துக் குந்தி உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் பின்னணி முழுக்க வெயில் பட்ட புல்லாகிவிடும், படம் சப்பென்று போகும்.

அவ்வளவு இருட்டைக் கண்ட கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, ஓர் இறகுகூடத் தெரியாமல் வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை 1 முதல் 1.7 ஸ்டாப் வரை குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும் கொக்குக்கு ஷட்டர் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் கவலையில்லை, அதனால் படத்தில் விழும் புள்ளி கறுப்பு வெள்ளையில் அவ்வளவாக உறுத்தாது. பனைமரம் கொக்கின் தலையிலிருந்து முளைத்ததுபோல் நின்றால் ஓரடி நகருங்கள். அலகு நீளும் பக்கம் இடம் விடுங்கள். கறுத்த மாட்டின் வயிற்றுக்கு முன்னால் கொக்கு வந்து நின்றால் வேறெதையும் தேடவேண்டாம்.

கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்றில் வாழும் லோத்தோங் குரங்குகளிடம் சிக்கல் நேர்மாறு. கிளையில் கருஞ்சாம்பல் உடல், பின்னால் வெளிறிய வானம். அப்படியே எடுத்தால் முகமில்லாத நிழலுருவம்தான் கிடைக்கும். 1 முதல் 1.7 ஸ்டாப் கூட்டலாம். அதைவிட, பின்னால் இலையோ பழைய சுவரோ வரும்படி இடம் மாறுவது மேல். பக்கவாட்டு வெளிச்சத்தில் ரோமத்தின் நுனி வெள்ளியாக மின்னும். வாலை முழுதாக வையுங்கள், முடியாவிட்டால் முகத்துக்கு நெருங்கிவிடுங்கள். பாதியில் வெட்டிய வால் பிழையாகவே தெரியும். தீனி காட்டி அழைக்காதீர்கள். எல்லாக் குரங்கும் உங்கள் கையையே பார்க்கும்.

பிறந்த லோத்தோங் குட்டி செம்மஞ்சள் நிறம், சில மாதங்களில் தாயைப்போல் கறுத்துவிடும். சாதாரணமாகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் குட்டி தாயின் மார்போடு கலந்துவிடக்கூடும். எடிட்டிங்கில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள் இருக்கும். ஆரஞ்சு ஸ்லைடரை மட்டும் உயர்த்துங்கள், குட்டி விளக்கு ஏற்றியதுபோல் எழும். மீன்கொத்தி அலகுக்கும் இதே வழி: சிவப்பை உயர்த்தி, இலையைத் தாழ்த்துங்கள். இலையின் பச்சையில் பாதி மஞ்சள் ஸ்லைடரில் இருக்கும், பச்சையை மட்டும் இழுத்துவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று திகைக்கவேண்டாம். நீலத்தை மிகவும் இறக்கினால் வானத்தில் புள்ளி பொங்கும், இறகோரத்தில் வெள்ளைக்கோடு விழும்.

எலியைப் பிடிக்கும் கூகை (ஆந்தை வகை) தங்குவதற்குத் தோட்டத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். அங்கே ஃபிளாஷ் கூடாது, பெட்டியைத் தட்டவும் கூடாது. அந்தி வானத்துக்கு எதிரே தூரத்திலிருந்து நிழலுருவமாக எடுத்தால் போதும். தோட்ட ஆபீஸில் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள். வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் மட்டும் கோணம் தேடி ஏறாதீர்கள், நாகம் படுத்திருக்கும்.