உச்சியில் வேகம் சுழி என்று எழுதாதீர்கள்

கும்பகோணத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். செங்குத்து வட்ட இயக்கம் வந்துவிட்டால், படிக்கிற காலத்தில் நான் செய்த அதே பிழைகள் அவர்கள் நோட்டில் வரிசையாக வந்து நிற்கின்றன. அலகு விட்டுப்போவதும் கூட்டல் பிசகுவதும் போகப் போகச் சரியாகிவிடும். இவை தாமாகச் சரியாவதில்லை.

உச்சியை எட்டினால் போதும் என்று நினைப்பது

உராய்வற்ற சரிவில் ஒரு சிறு பொருள் வழுக்கி இறங்கி, செங்குத்தான வட்டப் பாதையின் உட்புறமாக ஒரு முழுச் சுற்று வர வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விட வேண்டும்? உச்சியின் உயரம் ஆரத்தைப் போல 2 மடங்கு. ஆகவே அதே உயரம் போதும், உச்சியில் வேகம் சுழியானாலும் பரவாயில்லை என்று எழுதிவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வில் நானும் அதையே குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆற்றல் சமன்பாடு உயரத்தையும் வேகத்தையும்தான் இணைக்கிறது. பொருள் பாதையை ஒட்டியிருக்கிறதா என்று சொல்ல அதற்கு வாயில்லை. அதை நியூட்டனின் இரண்டாம் விதியிடம்தான் கேட்க வேண்டும். பாதைக்குத் தள்ளத் தெரியும், இழுத்துப் பிடிக்கத் தெரியாது. உச்சியில் எடையும் கீழ்நோக்கி, பாதை தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசையும் (இதுதான் செங்குத்து விசை) கீழ்நோக்கி. செங்குத்து விசை சுழியாகும் எல்லையில் எடை ஒன்றே பொருளை வளைக்கிறது. அப்போது வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கிய அளவு. அந்த வேகத்துக்கு ஆரத்தில் பாதி உயரம் கூடுதலாக வேண்டும். விடை, ஆரத்தின் 2.5 மடங்கு.

2 மடங்கில் விட்டால் பொருள் உச்சியையே பார்க்காது. 1.67 மடங்கு உயரத்திலேயே பாதையை விட்டுப் பிரிந்து, எறிந்த கல்லைப்போல் விழும்.

நம்பாதவர்களை வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போகிறேன். தூக்குவாளியில் பாதி தண்ணீர். தோளிலிருந்து வாளிவரை ஒரு மீட்டர் என்றால், ஒரே சீராகச் சுழற்றும்போது ஒரு சுற்றுக்கு 2 விநாடி. அதற்கு மேல் தாமதித்தால் தலை நனையும். ஒரு முறை நனைந்தவன் பிறகு 2 மடங்கு என்று எழுதியதில்லை.

கம்பியில் கோத்த மணிக்கு மட்டும் 2 மடங்குக்குச் சற்று மேலே இருந்தால் போதும். கம்பி இரு பக்கமும் தாங்கும்.

மையநோக்கு விசையைத் தனி அம்பாக வரைவது

வரையாதீர்கள். இருக்கும் விசைகள் வட்டத்தின் மையத்தை நோக்கித் தரும் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர்.

அடிப்புள்ளியில் செங்குத்து விசையும் எடையும் சமம் என்பது

2.5 மடங்கிலிருந்து வந்த பொருளை அடியில் பாதை தாங்கும் விசை, எடையைப் போல 6 மடங்கு. ஊஞ்சல் கயிறு கீழே வரும்போதுதான் அறும் என்பதை நம் வீடுகளில் எல்லோரும் அறிவார்கள்.

கோலிக்குண்டை வைத்து விடை சரிபார்ப்பது

ஒரு மாணவி பம்புசெட் ஓஸை நீளவாக்கில் பிளந்து வளைத்து, 2.5 மடங்கிலிருந்து கோலியை விட்டாள். விழுந்தது. சூத்திரமே பொய் என்றாள். கோலி வழுக்குவதில்லை, உருள்கிறது. ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. இழப்பே இல்லாவிட்டாலும் குறைந்தது 2.7 மடங்கு வேண்டும். ஓஸின் நுனியை அவள் இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள். கோலி சுற்றி வந்து திண்ணையில் ஓடியது.