சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில்: டீபக்கர் டெஸ்டுகளில் காரணம் தேடுவது எப்படி?

புரோகிராமை இடையில் நிறுத்திப் பார்த்துப் பிழை தேட உதவும் கருவிதான் டீபக்கர். ஜிடிபி (GDB) போன்ற டீபக்கருக்கு எழுதிய டெஸ்ட் ஒன்று எப்போதாவது மட்டும் ஃபெயில் ஆகிறது என்றால், பலரும் முதலில் கை வைப்பது டைம்அவுட்டில்தான், அதாவது பதிலுக்காக டெஸ்ட் காத்திருக்கும் நேரத்தில்தான். ஜிடிபி டெஸ்டுகளில் அது வழக்கமாக 10 நொடி. அதை 60 ஆக்கினால், பல நேரம் அதே தோல்வி 50 நொடி தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தத் தோல்வியை நினைத்த நேரத்தில் வரவழைப்பதுதான் முதல் வேலை.

படி 1: திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்

அந்த ஒரு டெஸ்ட் ஃபைலை மட்டும் ஓட்டினால் போதும். ஜிடிபியில் மேக் செக் (make check) கட்டளையோடு ரேசி_ஐட்டர் (RACY_ITER) என்ற மாறிக்கு ஓர் எண் கொடுத்தால், அத்தனை முறை ஓட்டி, முடிவு மாறிய டெஸ்டுகளைத் தனியே காட்டும். வேறு டீபக்கர் என்றால் ஷெல்லில் ஒரு லூப் எழுதுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் லாகையும் (பதிவு ஃபைல்) வேறு பெயரில் சேமியுங்கள். இல்லையென்றால் அடுத்த ஓட்டம் அதை அழித்துவிடும்.

படி 2: முந்தைய டெஸ்டைப் பாருங்கள்

பாஸ் ஆன லாகையும் ஃபெயில் ஆன லாகையும் டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். ப்ராசஸ் எண் போன்ற வேறுபாடுகளை விட்டுவிடலாம். இந்த இடத்தில் நிதானம் தேவை. ஃபெயில் என்று பெயர் வந்த டெஸ்டில் கோளாறே இல்லாமல் இருக்கலாம்.

டீபக்கரின் வெளியீடு ஒரே மொத்தமாக வருவதில்லை, துண்டு துண்டாக வருகிறது. முந்தைய டெஸ்டின் பேட்டர்ன் (வெளியீட்டில் அது தேடும் வடிவம்), பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குத் தயார் என்று டீபக்கர் காட்டும் குறி) வரை காத்திருக்காமல், பாதி வரியிலேயே பொருந்திவிட்டால் அது பாஸ். மீதி வரியும் பிராம்ப்டும் பஃபரில், அதாவது இன்னும் வாசிக்காத பகுதியில், தங்கிவிடும். அடுத்த டெஸ்ட் கட்டளையை அனுப்பியதும் அந்தப் பழைய பிராம்ப்டைப் பார்த்து, பதில் வந்துவிட்டது என்று எண்ணித் தோற்கும். துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து வந்த நாளில் இரண்டுமே பாஸ் ஆகும். அதனால் எந்தப் பேட்டர்னும் பிராம்ப்டில் முடிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

படி 3: ஒவ்வொரு பைட்டாக வாசிக்க வையுங்கள்

ஜிடிபியில் செக்-ரீட்1 (check-read1) என்றொரு மேக் இலக்கு உண்டு; மேக் செக் போலவே அதையும் ஓட்டலாம். டெஸ்ட் தரப்பு ஒரு முறைக்கு ஒரே ஒரு பைட் மட்டும் வாசிக்கும்படி அது செய்கிறது. மேலே சொன்ன கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஃபெயில் ஆகும். இதற்கு நேர் எதிராக, காத்திருந்து மொத்தமாக வாசிக்கும் செக்-ரீட்மோர் (check-readmore) என்பதும் இருக்கிறது. அருமையான ஏற்பாடு!

படி 4: டீபக் ஆகும் புரோகிராமைக் கவனியுங்கள்

அந்தப் புரோகிராம் அச்சிடுவதும் டீபக்கர் அச்சிடுவதும் ஒரே டெர்மினலில் கலக்கின்றன. எது முந்தும் என்று சொல்ல முடியாது. அச்சிட்டதைத் தேடுவதற்குப் பதில் மாறியின் மதிப்பைச் சோதியுங்கள். த்ரெட்டுகள் தயாராகட்டும் என்று ஸ்லீப் போட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு பேரியர் (எல்லா த்ரெட்டும் வந்து சேரும்வரை காக்க வைக்கும் ஏற்பாடு) வையுங்கள். டாஸ்க்செட் (taskset) கட்டளை கொண்டு ஒரே சிபியுவில் ஓட்டினாலும், கணினிக்குச் சுமை ஏற்றினாலும் இந்த வகைத் தோல்வி சீக்கிரம் வெளியே வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஃபெயில் ஆனால், டீபக்கரிலேயே பக் இருக்கலாம். அதை டெஸ்டின் தலையில் கட்டி மூடிவிடாதீர்கள்.

படி 5: திருத்தத்தைச் சோதியுங்கள்

20-இல் 1 முறை தோற்கும் டெஸ்ட், எதையும் திருத்தாமலே தொடர்ந்து 20 முறை பாஸ் ஆக சுமார் 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 60 முறை ஓட்டினால் அது 5 சதவீதத்துக்குக் கீழே வரும், 90 முறை என்றால் சுமார் 1 சதவீதம். அப்புறம் செக்-ரீட்1-லும் ஒரு முறை ஓட்டிவிட்டு கமிட் செய்யுங்கள்.