அரை மணி நேரத்தில் மாறிய ஃபைல் எது?

லினக்ஸில் இப்போது சேமித்த ஃபைல் எங்கே போனது என்று ஃபோல்டர் ஃபோல்டராகத் துழாவ வேண்டாம், டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் திரையில்) 'ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்மின் -30' என்று (எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில்: find . -type f -mmin -30) அடித்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்குள் கடந்த 30 நிமிடத்தில் மாறியவை மட்டும் வந்து விழும். 30க்கு முன்னால் உள்ள கழித்தல் குறி முக்கியம். அதை விட்டால் சரியாக 30 நிமிடத்துக்கு முன் மாறியதைத்தான் தேடும், பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஃபைலைத் திறந்து படிக்காமல், ஃபைல் சிஸ்டம் குறித்து வைத்திருக்கும் கடைசி மாற்ற நேரத்தை மட்டும் பார்ப்பதால் வேகமாக முடிகிறது.

ஆனால் ஜிப்பிலிருந்து பிரித்தவை பழைய தேதியோடேயே வந்து உட்காரும், இதில் சிக்காது. அப்போது எம்மினுக்குப் பதில் சிமின் (cmin) போடுங்கள், அது ஃபைலின் விவரங்கள் இந்தக் கணினியில் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும்.