பத்து மாம்பழமும் ஒரு வரைபுத்தாளும்: சிதறல் வரைபைக் கையால் வரையும் முறை

பாடசாலைச் செயற்றிட்டத்துக்குச் சிதறல் வரைபு (சோடி சோடியான இரண்டு அளவுகளைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) ஒன்று வேண்டும் என்று அக்காவின் மகள் வந்து நின்றாள். கணினியில் இரண்டு நிமிட வேலைதான். ஆனாலும் முதல் வரைபைக் கையால்தான் வரைய வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஏன் என்பது பத்தாவது பழத்துக்கு வரும்போது விளங்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள் பத்து வீட்டில் இருந்தன. நீளம் கூடினால் நிறையும் கூடுகிறதா என்று பார்க்க முடிவு செய்தோம். பழத்தை மேசையில் கிடத்தி, இரு முனைகளிலும் தடித்த புத்தகங்களை நிறுத்தி, இடைவெளியை அடிமட்டத்தால் அளந்தோம். நிறைக்குச் சமையலறைத் தராசு.

நீளம் சென்ரிமீற்றரிலும் நிறை கிராமிலும்:

10.8 – 290
11.2 – 325
11.5 – 310
12.0 – 360
12.3 – 395
12.6 – 380
13.1 – 430
13.4 – 445
14.0 – 510
14.1 – 355

ஒரு வரி, ஒரு பழம். நீளங்களைத் தனியாகவும் நிறைகளைத் தனியாகவும் வரிசைப்படுத்திவிடாதீர்கள். சோடி பிரிந்தால் தரவு செத்துவிட்டது.

எதைக் கொண்டு எதை ஊகிக்கப் போகிறோமோ அது கிடை அச்சுக்கு வர வேண்டும். இங்கே நீளம் கிடை அச்சில், நிறை நிலைக்குத்து அச்சில்.

இனி அளவிடை. நான் முதன்முதலில் வரைந்தபோது இந்த இடத்தில்தான் பிழை விட்டேன். தரவில் உள்ள எண்களையே அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக எழுதிக்கொண்டு போனேன்: 290, 310, 325, 355, 360... பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் 355க்கும் 360க்கும் இடையே 5 கிராம். 445க்கும் 510க்கும் இடையே 65 கிராம். இரண்டுக்கும் தாளில் ஒரே இடைவெளி கொடுத்தால் அந்தப் படம் பொய் சொல்கிறது. அச்சை எழுதும்போது தரவை மறந்துவிடுங்கள். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் போதும்.

நிறை 290 முதல் 510 வரை. ஆகவே அச்சு 250 முதல் 550 வரை. ஒரு சென்ரிமீற்றருக்கு 20 கிராம் வைக்கத்தான் எவருக்கும் மனம் வரும். அப்போது மில்லிமீற்றர்க் கட்டம் ஒன்று 2 கிராம் ஆகிறது. 325, 355, 395 எல்லாம் அரைக் கட்டத்தில் விழும். எங்கள் தராசு ஐந்து ஐந்து கிராமாகக் காட்டுவது. அதனால் ஒரு சென்ரிமீற்றருக்கு 25 கிராம் எடுத்தோம். 5 கிராமுக்குச் சரியாக இரண்டு சிறு கட்டங்கள். நீளத்துக்கு 10 முதல் 15 வரை, பழத்தின் ஒரு சென்ரிமீற்றருக்குத் தாளில் இரண்டு. ஒரு சென்ரிமீற்றருக்கு 3 அல்லது 7 அலகு என்ற அளவிடைப் பக்கமே போகாதீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்குப் பார்த்தே களைத்துவிடுவீர்கள்.

அச்சுகள் பூச்சியத்தில் தொடங்கவில்லை. சலாகை வரைபில் அது பிழை, ஏனென்றால் அங்கே சலாகையின் உயரமே அளவைச் சொல்கிறது. சிதறல் வரைபில் பிழையில்லை. அச்சின் தொடக்கத்தில் சிறு நெளிவு ஒன்று போட்டுக் காட்டினால் போதும்.

புள்ளி குறிக்க நன்றாகத் தீட்டிய பென்சில் வேண்டும். நான் குற்று வைப்பதில்லை, சிறு பெருக்கல் குறிதான் போடுவேன். குற்று பருத்துவிடும், குறியில் கோடுகள் வெட்டும் இடம் துல்லியமாகத் தெரியும். ஐந்தாவது பழத்துக்கு, தொடக்கத்திலிருந்து வலப்பக்கம் 4.6 சென்ரிமீற்றர், மேலே 5.8 சென்ரிமீற்றர். குறித்ததும் அட்டவணையில் அந்த வரிக்குச் சரி போடுங்கள். புள்ளிகளைக் கோட்டால் தொடுக்க வேண்டாம். ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் இடையே எந்தப் பயணமும் இல்லை.

பொருந்தும் கோட்டுக்கு, அதாவது புள்ளிகளின் போக்கை ஒட்டிச் செல்லும் நேர்கோட்டுக்கு, முதலில் சராசரிகளைக் காணுங்கள்: நீளம் 12.5, நிறை 380. அந்தப் புள்ளியை வட்டமிட்டு, அதனூடாகக் கறுப்பு நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து, மேலும் கீழும் புள்ளிகள் சமன்படும் வரை சரித்துப் பாருங்கள். அடிமட்டம் பாதிப் புள்ளிகளை மறைக்கும், நூல் மறைக்காது.

நூலைப் பிடித்தபடியே மருமகள் கேட்டாள்: “மாமா, இது ஏன் இங்கே கிடக்கிறது?” பத்தாவது பழம், 14.1 – 355. மற்ற ஒன்பதும் மேலேறிப் போக, இது மட்டும் வலப்பக்கத்தில் கீழே தனித்து நின்றது. மறுபடி நிறுத்தோம், சரியாகவே இருந்தது. பழத்தைப் பக்கவாட்டில் திருப்பினோம்: நீளம் இருந்தும் தசைப்பிடிப்பில்லாத தட்டைப் பழம். பிறகு கணித்துப் பார்த்தேன். ஒன்பது பழங்களுக்கு நீளம் ஒரு சென்ரிமீற்றர் கூட நிறை ஏறத்தாழ 65 கிராம் கூடுகிறது. பத்தையும் சேர்த்தால் 46 கிராம்தான். ஒரு பழம் கோட்டை அவ்வளவு சரித்துவிட்டது!

எண்களை மட்டும் நம்பாமல் வரைந்தும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே 1973இல் புள்ளிவிவரவியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கொம் நான்கு தரவுத் தொகுதிகளை ஆக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 சோடிகள். சராசரிகளும் பொருந்தும் கோடும் நான்குக்கும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்தால் நான்கும் நான்கு விதம். அவற்றுள் ஒன்றில் எங்கள் தட்டைப் பழம் போல ஒரே புள்ளி கோட்டை இழுத்துவிடுகிறது.

அந்தப் புள்ளியை அழிக்க வேண்டாம். வரைபில் விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மருமகள் “தட்டைப் பழம்” என்று எழுதினாள்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்து வெண்டிக்காய்களை அளந்து வரைந்த ஒருவர், இரண்டு காய்களுக்கு ஒரே நீளமும் ஒரே நிறையும் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நூலும் சரியாக நிற்கவில்லை என்றார். குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், மூன்றாவதும் வந்தால் இன்னொரு வட்டம். வட்டத்தின் பொருளை வரைபின் மூலையில் எழுதிவிடுங்கள். சராசரி காணும்போது அந்தச் சோடியை இரண்டு முறை கூட்ட வேண்டும். அவருடைய நூல் சரியாக நிற்காததற்குக் காரணம் ஒரு முறை மட்டும் கூட்டியதுதான்.